நுரையீரலுக்கு ஊட்டிய பட்டர் எசன்ஸ்

முதலில் நம்பிய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஸ்டர்ட் வாசனை வருகிற ஆவியை வாயால் இழுத்தால் எனக்கு சுகர் ஏறிவிடும் என்று நினைத்தேன். நெஞ்சுக்கு ஏதாவது ஆகுமா என்று யோசிக்கவே இல்லை. சுகர்தான் கவலை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், சாப்பாட்டு மேஜையில் விஞ்ஞானி மாதிரி உட்கார்ந்தேன். மோதிர விரலில் ஊசியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்து எண்ணை எழுதிக்கொண்டேன். பிறகு வேப் என்கிற அந்த மின்சாரக் குழலை எடுத்துப் பன்னிரண்டு இழுப்பு. முக்கால் மணி நேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி குத்தினேன். எண் இரண்டு குறைந்திருந்தது. குறைந்திருந்தது! இனிப்பும் உண்டு, சுகரும் ஏறாது. சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கடவுள் நேரில் வந்தாலும் இதைவிட நல்ல வரம் கொடுக்க மாட்டார் என்று தீர்மானித்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டேன். அதற்கப்புறம் குத்திப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

நான் திண்டிவனத்தில் பேக்கரி வைத்திருப்பவன். கீழே கடை, மேலே வீடு. மாவும் அடுப்பும் மாஸ்டர் பொறுப்பு. கல்லாவும், பிறந்தநாள் கேக்கின்மேல் பெயர் எழுதுவதும் என் பொறுப்பு. கேக்கில் எழுதும் பெயரில் எழுத்துப் பிழை விட்டு அடி வாங்காமல் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் என் வாழ்நாள் சாதனை.

அடுப்பு அறையில் ஒரு அலமாரி உண்டு. அதில் வரிசையாக எசன்ஸ் பாட்டில்கள்: வெனிலா, பைனாப்பிள், ஸ்ட்ராபெரி, பட்டர்ஸ்காட்ச், ரோஸ், பட்டர். எங்கள் பட்டர் பிஸ்கட்டில் பட்டர் பெரும்பாலும் அந்தக் கடைசி பாட்டிலிலிருந்துதான் வருகிறது. இதை எழுதியதற்காக மாஸ்டர் என்னோடு இரண்டு நாள் பேசமாட்டார், பரவாயில்லை. புது பாட்டில் வந்தால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். பாட்டில் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பவனை மாஸ்டர் பேக்கரிக்காரன் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தப் பழக்கத்தில் எவ்வளவு புத்தி இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எனக்கு சுகர் வந்த வருஷம் டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். "சிகரெட்டைத் தொட மாட்டேன்" என்று சொன்னேன். தொடவும் இல்லை. இரண்டு வருஷம் பெட்டிக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ச்சாரியில் நடந்தேன். அந்த இரண்டு வருஷமும் நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

அப்போதுதான் கோட்டக்குப்பத்து நண்பன் லீவில் வந்தான். காலேஜில் என் பெஞ்சுக்காரன். இருபது வருஷமாக வளைகுடாவில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் வேலை. ஊருக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு பிரியாணி போடாமல் திரும்பிப் போகமாட்டான். சாப்பிட்டு முடித்து மொட்டைமாடியில் காற்று வாங்கும்போது, பெட்டியிலிருந்து சென்ட் பாட்டிலும் பேரீச்சம்பழமும் எடுத்துக் கொடுத்தவன், கடைசியாக ஒரு குழலையும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு திரவப் பாட்டிலையும் எடுத்தான்.

"இன்னாடா இது, பேனாவா?"

"இழுத்துப் பாரு மச்சான். வெனிலா கஸ்டர்டு."

"உள்ள சிகரெட்டு இருக்குதா?"

"புகையில இல்ல. நிகோட்டின் கொஞ்சம் இருக்குது. நம்ம நாட்ல இத விக்கவே கூடாதுன்னு சட்டம், தெரியுமில்ல? எவன்கிட்டயும் காட்டிக்கினு திரியாத, பேஜாராயிடும்."

"அப்ப நீ ஏன்டா வச்சிக்கினு இருக்கிற?"

"ஆறு மாசம் இழுத்தேன்டா. மாடிப்படி ஏறுனா நாக்கு தள்ளுது. உட்டுட்டேன். தூக்கிப் போட மனசு வரல."

மூச்சு வாங்குகிறது என்று காரணம் சொல்லி ஒருவன் தள்ளிவிடும் பொருளை நன்றி சொல்லி வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு இருக்கிற தொப்பைக்கு மாடிப்படி ஏறினால் நாக்கு தள்ளாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். என்னுடைய தொப்பை அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

வண்டியில் திரும்பும்போது கிளியனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். இழுத்தேன். வாய் நிறைய கஸ்டர்ட். விட்டால் பஞ்சு மேகம் மாதிரி வெள்ளையாக ஒரு பொதி. எதிரே வந்த டிராக்டர்காரர் என் வண்டி தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். நான் கையசைத்து அனுப்பிவைத்தேன். அங்கேயே நின்று சத்தியத்தைப் பிரித்து மேய்ந்தேன். தொட மாட்டேன் என்றது சிகரெட்டை. இது சிகரெட் இல்லை. வருவது புகை இல்லை, ஆவி. இட்லி வேகிறதும் ஆவியில்தான். ஆவியால் எவனாவது கெட்டுப்போயிருக்கிறானா? இப்படி ஒரு புளியமரத்துக்கு என் கட்சியை எடுத்துச் சொல்லி, அது மறுத்துப் பேசாததால் ஜெயித்துவிட்டதாக வீட்டுக்கு வந்தேன்.

வேறு எந்தத் தொழில்காரனாக இருந்திருந்தாலும் அன்றே பிடிபட்டிருப்பான். மெக்கானிக் ஒருத்தன் மேல் வெனிலா வாசனை வந்தால் பெண்டாட்டி கேள்வி கேட்பாள். என்மேல் வெனிலா வாசனை வராவிட்டால்தான் கேள்வி. கடைக்குள் ஒரு எட்டு போய்விட்டு மாடி வாசலில் வந்து நின்றதும் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாங்க, இன்னிக்கு கேக்கு ஜாஸ்தியா?"

"ஆமா, ஆர்டரு."

முடிந்தது விசாரணை. மாஸ்டர்தான் கொஞ்சம் விவரமானவர். ஒரு நாள் அடுப்பு அறையில் நின்று நாலா பக்கமும் மூக்கை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, நாமதான் கஸ்டர்டே போடறதில்லையே. வாசன எங்கர்ந்து வருது?"

"பக்கத்து வீட்ல செஞ்சிருப்பாங்க மாஸ்டர்."

"பக்கத்து வீடு டயர் கடையாச்சே."

நான் அவசரமாகக் கல்லாவுக்குப் போய்விட்டேன்.

இப்படி இரண்டு மாதம். இழுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெஞ்சு படபடவென்று அடிக்கும், வாய் வறளும், லேசாகத் தலை சுற்றும். இதற்கெல்லாம் நம்மிடம் ஒரே பதில்தானே: உடம்பு சூடு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இளநீர் குடித்தேன். வெந்தயம் ஊறவைத்து விழுங்கினேன். குழலை மட்டும் விடவில்லை. இளநீரை ஒரு கையிலும் குழலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, சூடு தணியவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

பாட்டில் தீர்ந்தது. நண்பன் எப்போதோ விமானம் ஏறிவிட்டான். பாண்டிச்சேரியில் எங்கேயோ ஒளித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், போய்க் கேட்கத் தைரியம் இல்லை. மூன்று நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு குழந்தையின் கேக்கில் வாழ்த்து எழுதும்போது கோபத்தில் க்ரீம் கோனை அமுக்கியதில் கேக்குக்கு நடுவில் ஒரு மலையே எழும்பிவிட்டது. நான்காம் நாள் காலியான பாட்டிலின் லேபிளைப் படித்தேன். முதல் பெயர் கிளிசரின். கடைசியில் வாசனைப் பொருட்கள் என்று பொதுவாகப் போட்டிருந்தது.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், எதிரே எங்கள் அலமாரி.

ஐசிங் காய்ந்து வெடிக்காமல் இருப்பதற்காகக் கிளிசரின் வாங்கி வைத்திருப்போம். பக்கத்தில் எசன்ஸ் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் உணவுக்கு உகந்தது என்று போட்டிருக்கிறது. இருபது வருஷமாக ஊருக்கே இதை ஊட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னில் தின்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுக்குள் போகலாம் என்றால் நெஞ்சுக்குள் போகக் கூடாதா? இரண்டும் ஒரே வாய்வழிதானே? வாயிலிருந்து கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு தெளிவு. வெனிலா அன்றைக்குப் பார்த்து அடிமட்டத்தில் இருந்தது. பட்டர் முழு பாட்டில் இருந்தது. கிளிசரினோடு கலந்து குழலில் ஊற்றினேன்.

முதல் இழுப்பில், பட்டர் பிஸ்கட் வெந்துகொண்டிருக்கும் அடுப்பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்ட மாதிரி இருந்தது. தொண்டை காந்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நண்பன் கொடுத்த சரக்கைவிட நம்முடையது ஸ்ட்ராங் என்று தோன்றியது. ஒரு உற்பத்தியாளனின் பெருமிதத்தோடு நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் இருமல் வந்தது. வறட்டு இருமல், சளி இல்லை. மாடிப்படி ஏறினால் ஏழாவது படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி நடிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களிடம் மாவுத் தூசு என்று சொன்னேன். மாஸ்டர் விடவில்லை.

"முப்பது வருசமா மாவுல கெடக்கிறவன் நானு. எனக்கு வராத இருமலு, கல்லாவுல ஒக்காந்துக்கினு இருக்கிற ஒங்களுக்கு எப்படி மொதலாளி வரும்?"

மாதம் முடியும் சமயத்தில் ஒரு மத்தியானம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டே போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டையசெட்டில் என்ற பொருளைப் பற்றி. பாப்கார்னுக்கு வாசனை கலக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததில், நுரையீரலின் கடைசிக் குழாய்கள், மயிரளவு இருப்பவை, தழும்பேறி அடைபட்டுப் போயினவாம். சாப்பிட்டால் பிரச்சினை இல்லாத பொருள்தான், சுவாசித்தால்தான் ஆபத்து என்றார். அடைத்தது அடைத்ததுதான், திரும்பத் திறக்காது என்றும் சொன்னார். வியாதிக்குப் பாப்கார்ன் நுரையீரல் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம்.

போன் கையிலிருந்து பன் தட்டில் விழுந்தது.

என் முதல் பயம் உயிரைப் பற்றி இல்லை, போஸ்டரைப் பற்றி. எங்கள் ஊரில் ஒருவர் போனால் பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டாமல் விடமாட்டார்கள். எதனால் போனார் என்று நாலு பேர் நின்று கேட்பார்கள். மாரடைப்பு என்றால் ஒரு கௌரவம் இருக்கிறது. பாப்கார்னில் போய்விட்டார் என்றால்? வியாபாரிகள் சங்கத்தில் சிரித்துக்கொண்டேதான் மலர்வளையம் வைப்பார்கள்.

இரண்டாவது பயம் உயிரைப் பற்றித்தான். அது வந்ததும் முதல் பயம் இருந்த இடம் தெரியவில்லை. வறட்டு இருமல் அறிகுறி என்றார், இருந்தது. படியேறினால் மூச்சு வாங்கும் என்றார், வாங்கியது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும் என்றார். அதை நானே எப்படிக் கேட்பது? ஐசிங் போடுவதற்காகப் பேப்பரில் சுருட்டி வைத்திருந்த கோன் ஒன்றை எடுத்து நுனியை வெட்டி, மாஸ்டரைக் கூப்பிட்டு என் முதுகில் வைத்துக் கேட்கச் சொன்னேன்.

"இன்னா கேக்குது மாஸ்டர்?"

"டப்பு டப்புன்னு கேக்குது."

"பொரியற மாரியா?"

"நெஞ்சு அடிக்கிற மாரி மொதலாளி. ஒங்களுக்கு இன்னா ஆச்சி? சொல்லித் தொலைங்க."

அவரை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த பட்டர் கலவையைச் சாக்கடையில் கொட்டினேன். குழலைப் பையிலேயே வைத்திருந்தேன், எங்கே போட்டாலும் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று. மறுநாளிலிருந்து ஒரு சோதனை ஆரம்பித்தேன். நான்தான் பெரிய ஆராய்ச்சிக்காரன் ஆயிற்றே. காலையில் கடை திறப்பதற்குமுன் அடுப்பு அறையில் ஒரு பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஏற்றி ஒரு கை தூரத்தில் நிறுத்தி ஒரே மூச்சில் ஊதுவேன். அணைந்தால் நுரையீரல் இருக்கிறது. அணையாவிட்டால் இல்லை. முதல் நாள் அணைந்தது. இரண்டாம் நாள் அணைந்தது, ஆனால் இருமினேன். மூன்றாம் நாள் உதிரியாகக் கிடந்த மெழுகுவர்த்திகளில் கைக்கு வந்ததை எடுத்து ஏற்றினேன். ஊதினேன். அணைந்தது. மூச்சு விட்டு நிமிர்வதற்குள் மறுபடி எரிந்தது. இன்னும் பலமாக ஊதினேன். அணைந்து, புகைந்து, மறுபடி எரிந்தது. நாலாவது தடவை எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மைதா மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்துவிட்டது. ஒரு மெழுகுவர்த்தியை அணைக்கும் காற்றுகூட எனக்குள் இல்லை.

மாடியிலிருந்து டீயோடு இறங்கி வந்த மனைவி அந்தக் கோலத்தில்தான் என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? யாருக்குப் பொறந்த நாளு?"

"எனக்கு மூச்சு போயிடுச்சிடி."

"பேசிக்கினுதான இருக்கீங்க."

"ஊதுனா அணையல. பாரு, நீயே பாரு."

ஊதிக் காட்டினேன். அணைந்தது, பொறி பறந்தது, எரிந்தது. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு ஊது ஊதினாள். அணைந்தது, பொறி பறந்தது, எரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது மேஜிக் கேண்டிலுங்க. ஊத ஊத எரியற கேண்டிலு. நீங்கதான பத்து வருசமா வித்துக்கினு இருக்கீங்க?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்தேன். மூச்சை உள்ளே இழுக்க இழுக்க, நெஞ்சிலிருந்து குக்கர் விசில் வருவதற்குமுன் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சன்னமான சத்தம் வந்தது. கோன் இல்லாமலே இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள், குனிந்ததில் என் பையிலிருந்து விழுந்ததை எடுத்தாள்.

"இது இன்னா?"

சொன்னேன். கோட்டக்குப்பத்து மொட்டைமாடியிலிருந்து பட்டர் பாட்டில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நேராக மேலே போனாள். பத்து நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கெளம்புங்க, ஜல்தி. விழுப்புரத்துல நெஞ்சு டாக்டரு இருக்காங்க. அண்ணன் பையனுக்கு வீசிங்குக்கு அங்கதான் காட்டுனாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வண்டி பைபாஸ் ஏறியதும் என் போனைப் பிடுங்கி நண்பனுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, அவருக்கு இன்னா குடுத்தீங்க?"

"தங்கச்சி, நான் தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா நான் குடுத்தது கஸ்டர்டு."

"இவரு பட்டர ஊத்தி இழுத்திருக்காரு."

"எந்தப் பட்டர?"

"கடையில பிஸ்கோத்துக்கு ஊத்தற எசன்ஸு."

கடல் தாண்டி அவன் கத்தியது முன் சீட்டு வரைக்கும் கேட்டது.

"யா அல்லா. டேய் மச்சான், நீ லூசாடா? காலேஜ்ல ஒனக்குப் பக்கத்துல ஒக்காந்து பரீட்ச எழுதுனவன்டா நானு. ஒன்னப் பாத்து எழுதுனேனே, எப்படிடா பாஸானேன்?"

முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பி, "பட்டருன்னா கொலஸ்ட்ராலு தம்பி, மல்லாட்ட எண்ணதான் ஒடம்புக்கு நல்லது" என்றார். விக்கிரவாண்டி வரைக்கும் கடலை எண்ணெயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டினேன். அந்த நிலைமையில் எதை இழுக்கச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன், நல்லவேளை அவர் குடிக்கத்தான் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ நாளா?"

"கஸ்டர்டு ரெண்டு மாசம். பட்டரு ஒரு மாசம்."

பேனாவை வைத்தார். "சார், மெனு கார்டு படிக்கிறீங்களா?"

"சாப்பிடறதுதானேம்மா? ஃபுட் கிரேடுன்னு பாட்டில்லயே போட்டிருக்குது."

"தோசைகூட ஃபுட் கிரேடுதான். அத மூக்குல ஏத்திக்குவீங்களா?"

மனைவி அதை ரசித்தாள் என்பது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் போவதைக் கரைக்க அமிலம் இருக்கிறது, அதற்கப்புறம் கல்லீரல் இருக்கிறது, பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். நுரையீரலில் அப்படி வாசல்காவல் எதுவும் கிடையாது. ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் இருப்பது காகிதத்தைவிட மெல்லிய சவ்வு. அதோடு அந்தக் குழலுக்குள் இருக்கிற கம்பி சூடாகும்போது வாசனைப் பொருள் அப்படியே இருக்காது, வேறு என்னவெல்லாமோ ஆகும். வெனிலா வாசனைப் பொருள் மூச்சுக்குழாயை உறுத்தும். பட்டை வாசனை, சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிர்களின் ஆட்டத்தையே மந்தமாக்கும். புதினா மாதிரி குளிர்ச்சியாக இருப்பது எரிச்சலை மரத்துப்போகச் செய்துவிடும், ஆள் இன்னும் ஆழமாக இழுப்பான். நெஞ்சு படபடப்பு உடம்புச் சூடு இல்லை, நிகோட்டின். அது சுகரையும் ஏற்றும்.

"சுகர் நான் செக் பண்ணேம்மா, ரெண்டு கொறஞ்சிது."

"ஒரு தடவ குத்திப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்று மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். அது நன்றாகவே ஏறியிருந்தது. அதில் நிகோட்டின் பங்கு எவ்வளவு, மைசூர்பாகு பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். குரல் எழும்பவில்லை. "பாப்கார்னாம்மா?"

"பட்டர் எசன்ஸுல டையசெட்டில் இருக்க வாய்ப்பு இருக்கு. வேப் இழுக்கறதால மட்டும் அந்த வியாதி வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் தெரியல, வராதுன்னும் சொல்ல முடியாது. இப்ப பாக்க வேண்டியது ஒண்ணுதான். உள்ள இருக்கிறது புண்ணா, தழும்பா? புண்ணுன்னா ஆறும். தழும்புன்னா ஆறாது. ஊதிப் பாத்துடலாம். அப்புறம் ஒரு மருந்து இழுக்கக் குடுத்து இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதணும். ரெண்டாவது தடவ எண் ஏறணும்."

மூக்கில் கிளிப்பு மாட்டி வாயில் ஒரு அட்டைக் குழாயைக் கொடுத்தார்கள். டெக்னீஷியன் பெண்மணி ஒல்லியாக இருந்தார். குரல் மட்டும் மாட்டுச்சந்தையில் ஏலம் போடுகிற குரல். "இழுங்க, இழுங்க, இழுங்க, ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" உள்ளே ஒன்றும் இல்லை என்று சைகை காட்டினேன். "இருக்கு சார், ஊதுங்க!" மூன்று தடவை. திரையில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். டாக்டரிடம் போய்த்தான் சொன்னார். குறைவு.

மருந்தை இழுக்கக் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இருபது நிமிஷம். எதிரே சுவரில் நுரையீரல் படம் ஒன்று மாட்டியிருந்தது, கிளைவிட்ட வேர் மாதிரி. நுனியில் இருக்கும் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி பேசினாள்.

"எங்க அண்ணி, அக்கா, கோயில்ல பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேங்க. எங்க வூட்டுக்காரரு சிகரெட்ட உட்டுட்டாருன்னு."

எனக்கு ஜோக் மறந்துவிட்டது. "சிகரெட்ட உட்டுட்டேன்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த இருபது நிமிஷத்தில் ஏறுமா ஏறாதா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இரண்டாவது தடவை ஊதும்போது டெக்னீஷியனோடு அவளும் சேர்ந்துகொண்டாள். "ஊதுங்க! இன்னும் ஊதுங்க! அந்தக் கருமத்த இழுக்கும்போது எவ்ளோ இழுத்தீங்க, இப்ப ஊதுங்க!" வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை ஊதினேன்.

எண் ஏறியிருந்தது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மருந்துக்குத் தெறக்குது. தழும்பா இருந்தா இவ்ளோ தெறக்காது. ரெண்டு மாசத்துக்கு இன்ஹேலர் எழுதறேன். அதுக்கப்புறமும் ஊதறது கொறச்சலாவே இருந்தா ஸ்கேன் பண்ணுவோம். அந்தக் குழாயத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க." அப்புறம், "ஒங்க கடையில எசன்ஸ் பாட்டிலத் தெறக்கறது யாரு? சூடான அடுப்புகிட்டயா?" என்று கேட்டார்.

அந்த வாரமே அடுப்பு அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். மாஸ்டரையும் விழுப்புரம் கூட்டிப்போய் ஊத வைத்தேன். முப்பது வருஷம் மாவில் கிடந்த மனிதர் முதல் ஊதிலேயே என்னைவிட அதிகம் ஊதினார். திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். குழலை மனைவி சுத்தியலால் நசுக்கினாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போய் ஊதினேன். என் வயசுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு இருக்க வேண்டுமோ அந்த அளவுக்கு எண் வந்திருந்தது. முழுசாக ஆறிவிட்டதா என்று கேட்டேன். ஊதும் எண் சரியாக வந்துவிட்டது, அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு வந்தது பாப்கார்ன் நுரையீரல் இல்லை. பிஸ்கட்டுக்கு ஊற்றும் எசன்ஸைச் சூடாக்கி ஒரு மாதம் மூச்சில் இழுத்ததில் மூச்சுக்குழாய் புண்ணாகி இறுகிப்போயிருந்தது. இழுப்பதை நிறுத்தினேன், மருந்து எடுத்தேன், இறுக்கம் விட்டது. இருமல் ஆறாவது வாரத்தில் நின்றது.